தெர்மோஸ்டாட் கணக்கில் வராத மாமனார்

1

கடலூரிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் உடம்பைப் பற்றிக் கேட்பதில்லை, டிகிரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "இப்ப எத்தினி டிகிரி அங்க?" மைனஸ் இருபத்தெட்டு என்று சொன்னால் சற்று நேரம் பேச்சே வராது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பார்களே, அப்படி. பிறகு, "எங்களுக்கு இங்க வேத்து ஊத்துது" என்று அவர்கள் பங்குக்கு ஒரு குறையைச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் ஆறுதலாகிவிடும்.

போன வாரம் பேசிய பால்ராஜ் டிகிரியோடு நிற்கவில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். கூரை போட்டாயிற்று, இனி ஒயரிங். இந்த நேரம் பார்த்து யாரோ அவன் காதில் ஸ்மார்ட் ஹோம் என்று ஓதிவிட்டார்கள்.

"மச்சான், நீதான் அதுங்க நடுவுலியே குடும்பம் நடத்துற. நம்ம வண்டி தெரு முனைக்கு வரும்போதே ஏசி தானா ஓட ஆரம்பிச்சிடுமாமே? செவுத்துல ரவுண்டா ஒண்ணு ஒட்டுவாங்களாம். வாங்கலாமா வேணாமா, ஒரு வார்த்த சொல்லு."

ஒரு வார்த்தையில் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சுவரிலும் அந்த ரவுண்டு இருக்கிறது. அதை நடுவில் வைத்துக்கொண்டு என் மாமனாரும் நானும் ஒரு குளிர்காலத்தை எப்படிக் கழித்தோம் என்று முதலில் அவன் தெரிந்துகொள்ளட்டும். வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.

2

நாங்கள் கனடாவில் வின்னிபெக் நகரத்துக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. நாங்கள் என்றால் நான், என் மனைவி ஸ்டெல்லா, இங்கேயே பிறந்த மகள் ஜெனி. இந்த ஊரில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நிலத்தடி அறையில் ஒரு உலை எரியும். தரையில் ஆங்காங்கே இருக்கும் சல்லடைத் துவாரங்கள் வழியாகச் சூடான காற்று வரும். எவ்வளவு சூடு, எப்போது என்று அந்த உலைக்கு உத்தரவு போடுவதுதான் தெர்மோஸ்டாட்.

கடலூரில் எங்கள் வீட்டுக்குக் கடல்தான் தெர்மோஸ்டாட். மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரத்துக்குக் காற்று திரும்பும். அம்மா கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாயை விரிப்பாள். காற்று வராத நாளில் ஃபேன். அதன் ரெகுலேட்டரில் ஒன்று முதல் ஐந்து வரை எழுதியிருக்கும், ஐந்து மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே வீட்டுக்குள் யாருக்கும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

இங்கே அந்த நிம்மதி இல்லை. பெரிய பெரிய கம்பெனிகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. முதலில் நாம் எதைத் தேடுகிறோம் என்று பார்த்தார்கள். பிறகு எதை வாங்குகிறோம் என்று பார்த்தார்கள். இப்போது நாம் எத்தனை மணிக்கு எழுகிறோம், எந்த அறையில் இருக்கிறோம், எப்போது வீட்டைப் பூட்டுகிறோம் என்று சுவரில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள். ஸ்டெல்லாவை எனக்குக் கொடுப்பதற்கு முன் சிதம்பரத்திலிருந்து வந்து என்னைப் பற்றி விசாரித்தார்கள். அவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் இதையெல்லாம் மாட்டியவள் ஜெனி. அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. தெர்மோஸ்டாட், விளக்குகள், தானாக ஊர்ந்து தரையைப் பெருக்கும் வட்டமான பெருக்கி, கூப்பிட்டால் பதில் சொல்லும் பெட்டி எல்லாமே ஒரே செயலிக்குள் இருக்கின்றன. வீட்டுக் கடன் என் பெயரில். ஆனால் செயலியில் வீட்டின் நிர்வாகி ஜெனி, நான் வெறும் உறுப்பினர். கூடத்து விளக்கின் நிறத்தை மாற்றவேண்டும் என்றால்கூட நான் விண்ணப்பம்தான் அனுப்பலாம். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து அனுமதி கொடுப்பாள்.

அந்தக் கம்பெனியின் வேதாந்தம் எளிமையானது. போன் எங்கேயோ ஆள் அங்கே. எங்கள் மூன்று பேரின் போனும் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால், வீட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம். உடனே விளக்கெல்லாம் அணையும், உலை அடங்கி வீடு பதினான்கு டிகிரிக்கு இறங்கும், பெருக்கி எழுந்து பெருக்கத் தொடங்கும். சாயங்காலம் எங்களில் ஒருவரின் போன் வீட்டை நெருங்கும்போது, வந்து சேரப் பத்து நிமிடம் இருக்கையில், உலை மறுபடி எரியும். வாசலுக்கு வந்ததும் விளக்கும் எரியும். இப்படி மிச்சம் பிடிக்கிற வீட்டுக்குச் செயலி ஒரு பச்சை இலைப் படம் கொடுக்கும். எங்களுக்கு மாதாமாதம் இலை வந்தது. அதை அலுவலகத்தில் நாலு பேரிடம் காட்டியிருக்கிறேன்.

3

என் மாமனார் பெயர் சவரிமுத்து. காட்டுமன்னார்கோயில் பக்கம் ரைஸ்மில் வைத்திருந்தவர். மில்லை விற்றுவிட்டுச் சிதம்பரத்து வீட்டில் இருக்கிறார். குரலால் வீட்டை இயக்கும் வித்தையைக் கம்பெனிகள் இப்போதுதான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கின்றன. அவர் நாற்பது வருடத்துக்கு முன்பே அதைச் செய்தவர். நாற்காலியில் உட்கார்ந்தபடி "ஃபேனு" என்பார். மூன்று பேர் ஓடுவார்கள். "ஜாஸ்தி" என்பார். மூன்று பேரும் திரும்பி ஓடுவார்கள்.

அத்தை தவறிய பிறகு அவர் தனியாகிவிட்டார். ஸ்டெல்லா ஒரே பெண். அப்பாவை இங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொள்ளவேண்டும் என்பது அவளுக்கு ஆசையாக ஆரம்பித்துப் பிடிவாதமாக முடிந்தது. ஜூன் மாதத்தில் வரவேண்டும் என்று விசாவுக்குப் போட்டோம். ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்க முடியும் என்பதை விசா அலுவலகம் லேசில் நம்பவில்லை. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டு எழுதினார்கள். நாங்கள் விளக்கினோம். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். கோடைக்காலம் முழுவதும் இப்படியே கடிதப் போக்குவரத்து நடந்து, கடைசியில் அவர் வந்து இறங்கியது ஜனவரி மாதம்.

விமான நிலையத்திலேயே ஸ்டெல்லா விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். "இங்கியே இருந்துடுங்கப்பா."

"ஈஸ்டர் வரிக்கும் பாக்குறேன். அப்புறம் சொல்றேன்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பரீட்சைக் காலம். ஸ்டெல்லா தினமும் அவர் முகத்தைப் பார்த்து மதிப்பெண்ணைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாமாவோ அடையாளம் தெரியாமல் மாறிவிட்டிருந்தார். பெண் கொடுத்த வீட்டில் மாமனார் எப்படி இருக்கவேண்டும் என்பதில் எங்கள் பக்கத்தில் சில பேருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எதையும் கேட்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, எதற்கும் குறை சொல்லக் கூடாது. இரண்டாவது தோசைக்கே, "போதும்மா, வயிறு ரொம்பிடுச்சு." ஒரு சொல்லுக்கு மூன்று பேரை ஓடவிட்ட மனிதர், காப்பி குடித்த தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார். முதல் நாள் தெர்மோஸ்டாட்டைக் காட்டி, "மாமா, இத இப்பிடித் திருப்புனா சூடு ஜாஸ்தியாவும்" என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இருக்கட்டும் மாப்ள. நமக்கெதுக்கு அதெல்லாம்."

அடக்கம் என்று நினைத்து நானும் மகிழ்ந்துபோனேன்.

4

ஏழரைக்கெல்லாம் நாங்கள் மூவரும் கிளம்பிவிடுவோம். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் முதலில் வருவது நான். கதவைத் திறந்தால் மாமா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கும், தலை படிய வாரியிருக்கும். பக்கத்தில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் மடித்து வைத்திருக்கும்.

"பகலெல்லாம் எப்பிடி மாமா போச்சு?"

"நல்லா போச்சு மாப்ள. ஒரு கொறயும் இல்ல."

அவர் பகலில் என்ன செய்தார் என்று நாங்கள் துருவிக் கேட்டதில்லை. பேசும் பெட்டியோடு பேசிப் பார்த்தார் என்பது மட்டும் ஜெனி சொல்லித் தெரியும். அதன் குரல் பெண் குரல். "யாரும்மா நீயி, எந்த ஊரு?" என்று கேட்டாராம். புரியவில்லை என்று அது இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஜெனி அதைப் பார்த்து, "லைட் ஆஃப்" என்று சொன்னாலே அவருக்குப் பொறுக்காது. "பாவம், வேல செய்யிற பொண்ணு. அதட்டாத பாப்பா" என்பார். மில்லில் இவர் போட்ட அதட்டலில் வளர்ந்த ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. சனி ஞாயிறில் மாமா கலகலப்பாக இருப்பார். சீட்டாடுவார், குல்லாய் இல்லாமல் நடமாடுவார், பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளுவதை ஜன்னலில் நின்று விமர்சனம் செய்வார். திங்கட்கிழமை வந்தால் வாடிப்போய்விடுவார். பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று தமிழ்ச் சேனல்களை எல்லாம் வரவழைத்தேன். அப்படியும் வாட்டம் தீரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் பாதி தாண்டிய ஒரு நாள், மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாப்ள, டிக்கெட்ட மாத்த முடியுமா? ஈஸ்டர் வரிக்கும் வேணாம், அதுக்கு முந்துன வாரம் குருத்து ஞாயிறு முடிஞ்சி கெளம்பிட்டா தேவல. இந்த ஊரு குளிரு நமக்கு ஒத்துக்கல."

சமையலறையிலிருந்த ஸ்டெல்லாவின் காதில் இது விழுந்துவிட்டது. துணி மடிக்கும் சாக்கில் என்னை அறைக்குள் கூப்பிட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. எங்கப்பாவ எதுனா சொன்னீங்களா?"

"நான் என்னா சொல்லப்போறேன்?"

"அப்ப உங்க மொகம் சொல்லியிருக்கும்."

முகத்துக்கு நான் எங்கே போய் சாட்சி தேடுவேன்? அன்றைக்கு என் சட்டைகளை மட்டும் மடிக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டாள்.

5

இந்த ஊரில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது இருக்கும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டில் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்லிக் கஞ்சி குடித்துவிட்டுக் கலைவோம். நடத்துகிறவர் கடலூர் முதுநகரைச் சேர்ந்த லூர்து அக்கா. அவர் குரல் எடுத்தால் மைக் தேவையில்லை.

அந்த வாரம் எங்கள் முறை. நிலத்தடி அறையில் சுரூபத்தை வைத்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தோம். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, எல்லாரும் கண்மூடி மௌனமாக இருந்த கட்டத்தில் யாருடைய போனோ குத்துப்பாட்டு பாடிவிட்டது. அதனால் லூர்து அக்கா இந்த முறை ஒரு பெரிய கூடையோடு வந்தார்.

"போனெல்லாம் இதுல போடுங்க. முடிஞ்சப்புறம்தான் குடுப்பேன். அருளு, உன்னோடதும்தான்."

என்னுடையதும் விழுந்தது, ஸ்டெல்லாவுடையதும் விழுந்தது. ஜெனி தன்னுடையதைப் போடும்போது முகம் ரத்ததானம் செய்கிற மாதிரி இருந்தது. கூடை கண்ணில் பட்டால் சபலம் வரும் என்று அதைத் தன் வேனில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார் அக்கா. அவருடைய கணவர் சேவியர் அண்ணன் அப்படியே வைத்தார். வைத்தவர், பாதரை அழைத்துவர அதே வேனை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குக் கிளம்பிப் போய்விட்டார். யாரும் அதை யோசிக்கவில்லை.

செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருந்தபோது விளக்கெல்லாம் பட்டென்று அணைந்தது.

எங்கள் பக்கத்து ஆட்கள் கரண்ட் போனதற்காகச் செபத்தை நிறுத்தும் வழக்கம் கிடையாது. புயல் அடிக்கும்போதுகூட நிறுத்தியதில்லை. குரல்தான் இன்னும் ஏறியது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாதா சுரூபம் மட்டும் தெரிய, பக்தி ஒரு படி கூடிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். உலையின் உறுமல் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை.

அப்போது மூலையிலிருந்த பெருக்கி ஒரு சின்ன மெட்டுப் போட்டுக்கொண்டு எழுந்தது.

முழந்தாளிட்ட முப்பது பேருக்கு நடுவே, இருட்டில், அது தன் கடமையைச் செய்யக் கிளம்பியது. பின்வரிசையில் ஒருவர் செபத்தின் ராகத்திலேயே, "கால்ல என்னமோ ஊருது" என்றார். அவர் மனைவி அதே ராகத்தில், "சும்மா இருங்க" என்றார். இரண்டு வரிசை தள்ளி ஒரு குழந்தை சிரித்தது. பெருக்கி முட்டி முட்டித் திரும்பி, கடைசியில் முன்னால் இருந்த லூர்து அக்காவின் முந்தானையைக் கவ்விப்பிடித்தது. அக்கா செபத்தை விடவில்லை, முந்தானையையும் விடவில்லை. ஒரு கையில் செபமாலை, மறு கையில் சேலை, இழுபறி நடந்துகொண்டிருக்கக் குரல் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. நான் தவழ்ந்துபோய் அதைப் பிடித்துக் கவிழ்த்தேன். கவிழ்ந்த நிலையிலும் சக்கரம் சுற்றியது.

குளிர் மெல்ல ஏற ஆரம்பித்து, பெண்கள் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சேவியர் அண்ணன் பாதரோடு வந்து சேர்ந்தார். வேனில் கூடை, கூடைக்குள் எங்கள் போன்கள். உலை சற்று முன்புதான் மூச்சுவிட்டுக் கிளம்பியிருந்தது; பாதர் படியிறங்கி உள்ளே காலை வைக்கவும், விளக்கெல்லாம் எரியவும் சரியாக இருந்தது. நாலைந்து பேர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். பாதரே கொஞ்சம் திகைத்துப்போய்த்தான் நின்றார்.

6

கஞ்சி குடிக்கும்போது ஜெனி தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினாள். "எல்லா போனும் வெளிய போச்சா, ஸோ வீடு நெனைக்குது யாரும் இல்லன்னு. அவே மோடுக்குப் போயிடுச்சு. டெய்லி அப்படித்தான். நாங்க மூணு பேரும் போனா அதுவா ஹீட்ட கொறச்சிடும்."

மாமா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தெனமுமா பாப்பா?"

"ஆமா தாத்தா."

"அப்ப மாப்ள அணச்சிட்டுப் போறது இல்லியா?"

முப்பது பேரும் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். லூர்து அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "என்னா அருளு, இத்தினி நாளு மாமனார குளிர்லியா போட்டு வச்சிருந்த?"

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. மாமா கூச்சத்தோடு, ஏதோ அவர்தான் தப்புச் செய்தவர்போலச் சொன்னார். "நீங்கல்லாம் கெளம்புன கொஞ்ச நேரத்துல அந்தச் சல்லடையில காத்து நின்னுடும். சரி, செலவு ஜாஸ்தியாவுதுன்னு மாப்ள நிறுத்திட்டுப் போறாரு, இருக்கட்டும்னு ஸ்வெட்டரு போட்டு, கம்பளிய சுத்திக்கினு சோபாவுல உக்காந்திருப்பேன். சாயங்காலம் திரும்பக் காத்து வரும். மாப்ள வராருன்னு புரிஞ்சிக்குவேன். எழுந்து கம்பளிய மடிச்சி வச்சிட்டு, தலைய வாரிக்குவேன்."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்றாள் ஸ்டெல்லா.

"எப்பிடிம்மா சொல்றது? பொண்ணு குடுத்த வூட்ல வந்து சூடு பத்தலன்னு கேக்குறதா? நான் சொன்னா நீ அவுரப் போயி கேப்ப. உங்க ரெண்டு பேருக்கும் எதுக்கு என்னால சண்ட?"

எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் பரவாயில்லை என்று இருந்தது. அந்த இரண்டு மாதமும் நான் வாங்கிய பச்சை இலைகள் எல்லாம் இந்த மனிதர் கம்பளிக்குள் நடுங்கிச் சம்பாதித்துக் கொடுத்தவை. அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. நான் அப்படிப்பட்ட ஆள் என்று அவர் நம்பியிருக்கிறார். நம்பிக்கொண்டே தினமும் சாயங்காலம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறார். "மாமா, சத்தியமா நான் அணைக்கல" என்றேன்.

"வுடுங்க மாப்ள, மெசினு பண்ணதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். சேவியர் அண்ணன் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். மாமாவுக்கும் சிரிப்பு வந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

7

மறுநாள் மாமாவைத் தெர்மோஸ்டாட்டின் கணக்கில் சேர்க்கும் வைபவம் நடந்தது. விசாவை விட இது கொஞ்சம் கடினமாக இருந்தது. புதுப் போன் வாங்கினோம். மின்னஞ்சல் முகவரி உண்டாக்கினோம். முதல் பெயர் சவரிமுத்து. குடும்பப் பெயரைக் காலியாக விட்டால் செயலி அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. அதையும் சவரிமுத்து என்றே போட்டோம். பிறகு ஒன்பது படங்களைக் காட்டி, போக்குவரத்து விளக்கு இருப்பதை எல்லாம் தொடச் சொன்னது.

"இது எதுக்கு மாப்ள?"

"நீங்க மெசின் இல்ல, மனுசன்னு நிரூபிக்கணும் மாமா."

"மெசினுகிட்டயா?" என்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்றாவது முயற்சியில் நிரூபித்தார். ஜெனி அனுமதி கொடுத்தாள், சூட்டை அவரே ஏற்றி இறக்கிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்து. "வெல்கம் ஹோம், சவரிமுத்து சவரிமுத்து" என்று செயலி வரவேற்றது.

அதற்குப் பிறகு பகலெல்லாம் வீடு இருபத்திரண்டு டிகிரியில் இருந்தது. குல்லாய் பெட்டிக்குள் போயிற்று. ஸ்டெல்லா என் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். நிலத்தடி அறையில் அப்பாவுக்கு நிரந்தரமாக ஒரு அலமாரி வாங்கலாமா என்று படம் படமாகக் காட்டினாள். பரீட்சையில் தேறிவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம், சாப்பிடும்போது மாமா கேட்டார். "டிக்கெட்ட மாத்திட்டீங்களா மாப்ள?"

ஸ்டெல்லா கரண்டியோடு நின்றுவிட்டாள். "இன்னும் குளிருதாப்பா?"

"இல்லம்மா. நல்லா சூடாத்தான் இருக்கு." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இத்தினி நாளு குளிரு மேல பழியப் போட்டுக்கினு இருந்தேன். இப்ப சூடா உக்காந்து பாக்கும்போதுதான் தெரியுது. பகல்ல இந்த வூட்ல யாரும் இல்ல. அந்த மெசினு சொன்னது ஒண்ணும் பொய்யில்ல."

"சிதம்பரத்துலயும் தனியாத்தானே இருக்கீங்க?"

"தனியாத்தான். ஆனா அங்க கதவு தொறந்து கெடக்கும். போறவன் வர்றவன், என்னா மொதலாளி சாப்ட்டாச்சான்னு ஒரு கொரல் வுட்டுட்டுப் போவான். நானும் நாலு பேர அதட்டுவேன். இங்க நான் யார அதட்டுறது, சொல்லு?"

ஸ்டெல்லா அழுதாள். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. வாசற்கதவைத் திறந்து போடவும் முடியாது, மைனஸ் இருபத்தெட்டில். ஈஸ்டருக்கு அவர் சிதம்பரத்தில் இருந்தார்.

8

அது போன வருடத்துக் கதை. கோடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, தெர்மோஸ்டாட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. இந்த டிசம்பரில் ஒரு மாற்றம் தெரிந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால் வழக்கமான ஜில்லிப்பு இல்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தால், சோபாவே கதகதவென்று இருந்தது. ஒரு நாள் என்றால் சரி, தினமும் அப்படி. பச்சை இலை வருவது நின்றுபோயிற்று. உலை பழுதாகிவிட்டதோ என்று பயந்து நிர்வாகியிடம் புகார் கொடுத்தேன்.

ஜெனி செயலியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அப்பா, இது தாத்தா. அவர ரிமூவ் பண்ண மறந்துட்டோம்."

புதுப் போனை மாமா சிதம்பரத்துக்குக் கொண்டுபோயிருந்தார். செயலியும் அதிலேயே போயிருந்தது. நீக்கிவிடவா என்று ஜெனி கேட்டாள். நான் பதில் சொல்வதற்கு முன்பே ஸ்டெல்லா, "கை வச்சிப் பாருங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது கேட்டேன். "மாமா, தெனம் நீங்கதான் சூடு ஏத்துறீங்களா?"

"ஆமா மாப்ள. உங்களுக்கு சாயங்காலம் நாலு மணின்னா, எனக்கு விடியக்காலம் மூணரை. எப்பிடியும் ஒருவாட்டி எழுந்து கொல்லப்பக்கம் போவணும். அப்பிடியே போனையும் ஒரு தட்டு தட்டிட்டுப் படுத்துக்குவேன்."

என் வீட்டில் இருந்தவரை அந்த வட்டத்தின் பக்கத்தில்கூட கையைக் கொண்டுபோகாதவர் அவர்.

"எதுக்கு மாமா தூக்கத்தக் கெடுத்துக்கிறீங்க? நாங்க வர பத்து நிமிசம் இருக்கும்போது அதுவா ஏத்திடுதே."

"அது காத்தத்தான் சூடாக்கும் மாப்ள" என்றார். "பத்து நிமிசத்துல சோபா சூடாவாது. நான் உக்காந்து பாத்துருக்கேன்."